வெறும் புல்லு: குறிஞ்சியை நாம் வாசித்த விதம்

போன டிசம்பரில் கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் போயிருந்தேன். ஒரு வளைவு தாண்டியதும் வலதுபக்கம் புல்வெளிச் சரிவு. புல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குக் கொத்துக் கொத்தாகப் புதர்கள். வண்டியை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் அண்ணன் நிறுத்தினார், ஆனா முகத்தில் ஒரு குழப்பம்.

"இதுல என்ன சார் இருக்கு? வெறும் புல்லு. அது குறிஞ்சிச் செடிதான், ஆனா பூ இல்லையே. 2030ல வாங்க, நானே கூட்டிட்டு வந்து காட்டுறேன்."

அவர் சொன்ன தகவலில் பிழை இல்லை. அந்தச் செடி குறிஞ்சிதான். கடைசியாக 2018இல் பூத்தது, அடுத்து 2030. ஆனால் அந்த "வெறும்" என்கிற சொல் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் என்னை விடவில்லை. நிலத்துக்கே பூவின் பெயரை வைத்த மொழி நம்முடையது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அப்படி இருக்க, குறிஞ்சி நிற்கிற மலைச்சரிவு எப்போது "வெறும் புல்லு" ஆச்சு? இதற்கு வனத்துறையை மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி நாம் அந்தப் பூவை வாசித்த விதத்தில் இருக்கு.

புலவர்கள் எண்ணாத எண்

குறிஞ்சி என்றதும் முதலில் வாயில் வருவது "12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும்". பொது அறிவுப் புத்தகம், சுற்றுலா விளம்பரம், வாட்ஸ்அப் ஃபார்வர்டு எல்லாவற்றிலும் இதே வாக்கியம். சரி, பழைய பாடல்களில் இது எப்படி இருக்கு என்று பார்க்கலாமே என்று சங்கப் பாடல்களில் குறிஞ்சிச் செடி வருகிற இடங்களைத் தேடி வாசித்தேன். நான் பார்த்தவரை இந்தக் கணக்கு எங்கேயும் இல்லை.

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எடுத்துக்குவோம். தேவகுலத்தார் பாடியது. காதலின் அளவை நிலத்தோடும் வானத்தோடும் நீரோடும் ஒப்பிடுகிற பாட்டு என்றால் எல்லோருக்கும் நினைவு வரும். அதில் குறிஞ்சியின் தண்டு கரியது என்ற விவரம் இருக்கு. அதன் பூவைக் கொண்டு தேன் உருவாகிறது என்ற விவரம் இருக்கு. அது நடக்கிற மலைச்சரிவு இருக்கு. நற்றிணை 301இல் உயர்ந்த மலையில் தழைத்து நிற்கிற குறிஞ்சியின் புதுப்பூ தலைவியின் மேனிக்கு உவமையாகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் குறிஞ்சியும் ஒரு பெயர், அவ்வளவுதான். பாட்டின் பெயரே குறிஞ்சியாக இருந்தும் அந்தப் பூவுக்கு அங்கே தனி மேடை கிடையாது.

தண்டு, பூ, தேன், சரிவு. இது செடியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களின் விவரம். இன்று குறுந்தொகைப் பாட்டுக்கு விளக்கம் எழுதுகிறவர்களில் பலர், "12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அபூர்வ மலரைப் போல அபூர்வமான காதல்" என்று எழுதுகிறார்கள். அழகான விளக்கம்தான். தப்பு என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த அபூர்வம் பாட்டுக்கு வெளியே இருந்து வந்தது. பாட்டு பேசுவது அபூர்வத்தைப் பற்றி இல்லை, ஒரு பெரிய அளவைப் பற்றி. குறிஞ்சி பூத்த வருடம் ஒரு சரிவைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு பூவை யாரும் தேடிப் போவதில்லை, மலையே நிறம் மாறிக் கிடக்கும். தேனீக்களுக்கு அது பெரிய விருந்து. அந்தப் பாட்டில் தேன் வருவதற்கு இதுவே போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு நாவல்கள்

நவீன இலக்கியத்துக்கு வந்தால் பெயரிலேயே குறிஞ்சியைத் தாங்கிய இரண்டு நாவல்கள் உண்டு. ஒன்று நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்'. இன்னொன்று ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்'. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே செடியை எவ்வளவு வேறு வேறாக வாசிக்க முடியும் என்று தெரியும்.

'குறிஞ்சி மலர்' எங்கள் வீட்டில் அம்மா, பெரியம்மா எல்லோரும் படித்துக் கரைந்துபோன நாவல். அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த குடும்பங்கள் உண்டு. அந்த நாவலில் குறிஞ்சி ஒரு லட்சியத்தின் அடையாளம். பூரணி போன்ற ஒரு பெண் எப்போதோ ஒருமுறைதான் தோன்றுவாள், அதனால் அவள் குறிஞ்சி மலர். இதற்குச் செடி தேவைப்படாது. வேர், புல், மழை, மண் எதுவும் தேவைப்படாது. அபூர்வம் என்ற ஒரே குணத்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டால் போதும். ஒரு உவமையாக அது செய்ய வேண்டிய வேலையைச் சரியாகவே செய்கிறது.

1960களின் தொடக்கத்தில் வந்த 'குறிஞ்சித் தேன்' நீலகிரியின் படகர் மக்களைப் பற்றியது. அங்கே குறிஞ்சி ஒரு கடிகாரம். ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் நடுவே குழந்தைகள் வளர்கிறார்கள், கல்யாணம் நடக்கிறது, தேயிலையும் உருளைக்கிழங்கும் பணமும் ஹட்டிக்குள் வருகின்றன, உறவுகள் மாறுகின்றன. ராஜம் கிருஷ்ணனின் அக்கறை பூக்கிற நாளில் நின்றுவிடவில்லை. இரண்டு பூப்புக்கு நடுவே உள்ள வருடங்களில் அந்த மலைக்கு என்ன ஆச்சு என்பதுதான் நாவல். முதுவர், பளியர் போன்ற மலைமக்கள் தங்கள் வயதைக் குறிஞ்சிப் பூப்பை வைத்து எண்ணினார்கள் என்று சொல்வதும் இதே வகைக் கணக்குதான். "நான் நாலு குறிஞ்சி பார்த்தவன்" என்று ஒருவர் சொன்னால், நடுவில் இருந்த முப்பத்துச் சொச்சம் வருடமும் அவர் அந்த மலையில்தான் இருந்தார் என்று அர்த்தம்.

தமிழ்ப் பொதுப்பேச்சில் ஜெயித்தது முதல் வாசிப்பு. "குறிஞ்சி பூத்த மாதிரி வந்திருக்கீங்க" என்கிறோம். நடுவில் இருக்கிற 11 வருடம் அந்தப் பேச்சில் காணாமல் போய்விடுகிறது.

அந்த 11 வருடத்தில் செடி என்ன செய்கிறது

இங்கே கொஞ்சம் தாவரவியல் பேசியாகணும். நீலக்குறிஞ்சியின் அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,300 மீட்டருக்கு மேல், பெரும்பாலும் திறந்த புல்வெளிகளில் வளர்கிற புதர். இதே பேரினத்தில் நம் மலைகளில் பல பத்து இனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. மகாராஷ்டிரத்தில் கார்வி என்று சொல்கிற உறவுக்காரச் செடி எட்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். அதனால்தான் "இந்த வருஷமும் குறிஞ்சி பூத்திருக்கு" என்று அவ்வப்போது செய்தி வருகிறது. சில நேரம் அது வேறு இனம். சில நேரம் அதே இனம், ஆனால் வேறு மலையில் வேறு கணக்கில் ஓடுகிற கூட்டம். 2018இல் மூணாறு, கொடைக்கானல் பக்கம் பூத்தது. 2022இல் இடுக்கி மாவட்டத்தின் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை மலையில் பூத்து, அங்கே திருவிழாக் கூட்டம் கூடியது. எல்லா மலைக்கும் சேர்த்து ஒரே கடிகாரம் கிடையாது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். நீலக்குறிஞ்சி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்து, காய்த்து, விதை சிந்திவிட்டுச் செத்துப்போகும். 2030இல் பூக்கப்போகிற செடி 2018இல் பூத்த செடி இல்லை, அதன் பிள்ளை. "12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும்" என்ற வாக்கியத்தைக் கேட்டால், வீட்டு வாசல் மாமரம் மாதிரி ஒரே செடி திரும்பத் திரும்பப் பூக்கும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. கூட்டம் மொத்தமாக முளைத்து, மொத்தமாக வளர்ந்து, மொத்தமாகப் பூத்து, மொத்தமாகப் போகிறது. ஒரே சமயத்தில் இவ்வளவு விதை கொட்டினால், தின்கிற பூச்சியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்க. பதினோராம் வருடம் ஒரு சரிவை உழுது கேரட் போட்டால், போவது அந்த வருடத்துப் பூ மட்டும் கிடையாது. ஒரு தலைமுறை விதை கொடுக்காமலே போகிறது. ஐந்தாம் வருடம் அங்கே மரம் நட்டு நிழல் விழுந்தாலும் இதே கதைதான். அதாவது இந்தச் செடிக்கு ஆபத்து அதிகமாக இருப்பது யாரும் பார்க்க வராத வருடங்களில். பூக்கிற வருடம் போலீஸ், வனக்காவலர், கயிறு, அறிவிப்புப் பலகை எல்லாம் வந்துவிடும். மற்ற 11 வருடம் அது "வெறும் புல்லு".

புல்லைத் தரிசு என்றது யார்

இந்த மலைகளின் உச்சிப்பகுதி இரண்டு விஷயங்களால் ஆனது. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலைக்காடு. மீதிச் சரிவுகளில் புல்வெளி. நம் 'சோலை' என்ற சொல் அப்படியே ஆங்கில அறிவியலுக்குள் போய்விட்டது. புல்வெளிக்கு அந்தக் கௌரவம் கிடைக்கவில்லை. காடு அழிந்ததால் மிஞ்சிய இடம்தான் புல்வெளி என்று நீண்டகாலம் நம்பினார்கள். நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணின் கார்பனை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் மற்றவர்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் போகிற பதிவு அது. தட்பவெப்பத்துக்கு ஏற்ப இந்த மலைகளில் புல்லும் மரமும் மாறி மாறி ஓங்கியிருக்கின்றன. மனிதன் காட்டை வெட்டுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே புல் இருந்தது. உறைபனி விழுகிற திறந்த சரிவில் சோலை மரங்களின் நாற்று எளிதில் தப்பிப்பதில்லை என்பதும் சேர்ந்து புல்வெளியைப் புல்வெளியாகவே வைத்திருக்கிறது.

பிரிட்டிஷ் வருவாய்க் கணக்குக்கு இதெல்லாம் தெரியாது. வரி வராத, மரம் இல்லாத நிலம் என்றால் தரிசு. அதில் விறகுக்காகத் தைலமரம், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை, பிறகு பைன், இவற்றோடு தேயிலை. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கொள்கை தொழிற்சாலைகளுக்கான மரம் என்ற பெயரில் வேகமாகத் தொடர்ந்தது. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வந்த ஒரு ஆய்வு, 1973க்கும் 2014க்கும் நடுவே அங்கே இருந்த புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது என்று காட்டுகிறது. மூன்றில் இரண்டு பங்கு! இந்த இடைவெளியில் 1982, 1994, 2006 என்று மூன்று தடவை குறிஞ்சி பூத்திருக்கிறது. மூன்று தடவையும் பத்திரிகைகளில் படம் வந்திருக்கும்.

இழப்பு பூவோடு நிற்கவில்லை. நம் மாநில விலங்கான வரையாடு மேய்வது இந்தப் புல்லைத்தான். உதகை அருகே கிளென்மார்கனில் இயற்கைப் புல்வெளி ஓடைப்பகுதி ஒன்றில் தைலமரம் நட்டு, பக்கத்திலேயே நடாத ஓடைப்பகுதியோடு பல ஆண்டுகள் ஒப்பிட்டு அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே ஓடையில் வருகிற தண்ணீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. "மரம் நட்டா மழை வரும், தண்ணி வரும்" என்று சமவெளியில் இருந்து நாம் கொண்டுபோகிற பாடம் அந்த உயரத்தில் தலைகீழாகிவிடுகிறது.

சட்டத்தையும் பாருங்க. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நீலக்குறிஞ்சி பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் வந்துவிட்டது. 2024இல் சர்வதேசச் செம்பட்டியலில் 'அழிய வாய்ப்புள்ள' இனமாகவும் சேர்ந்தது. இரண்டுமே நல்ல விஷயம். ஆனால் செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது பூவைப் பறித்தால் என்ன தண்டனை என்பதுதான். பூப்பறிக்கிற கையால் இந்தச் செடி இவ்வளவு குறைந்துவிடவில்லை. பூவைப் பறித்தால் குற்றம், புல்வெளியில் மரக்கன்று நட்டால் விழா என்று இருக்கிற வரைக்கும் இந்தப் பாதுகாப்பு பாதிதான்.

"நாவல் மேல பழி போடலாமா?"

இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை வாசித்த நண்பர் கேட்டார்: "சீகை நட்டது நா.பா.வா? எதுக்கு அவரை இழுக்குறீங்க?" நியாயமான கேள்வி. ஒரு உவமை மரம் நடாது. வருவாய்ப் பதிவேடும் தோட்ட முதலாளிகளும் அரசின் நடவுத் திட்டமும் செய்த வேலைக்கு ஒரு நாவலாசிரியர் பொறுப்பாக முடியாது.

அந்த அபூர்வக் கதை நல்லதும் செய்திருக்கிறது என்பதையும் ஒத்துக்கணும். 1980களின் இறுதியிலிருந்து கேரளத்து ஆர்வலர்கள் சிலர் குறிஞ்சியைக் காக்கக் கோரிக் கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை நடந்தார்கள். 2006 பூப்பின்போது அஞ்சல் தலை வந்தது, அதே வருடம் இடுக்கியில் சுமார் 32 சதுர கிலோமீட்டரில் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 12 வருடம் என்ற கவர்ச்சி இல்லாமல் வெறும் புல்லுக்காக இவ்வளவும் நடந்திருக்குமா என்றால், சந்தேகம்தான்.

ஆனால் அந்தச் சரணாலயத்தின் கதையே என் வாதத்துக்கும் சாட்சி. அறிவிப்பு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் எல்லைத் தகராறும் பட்டாத் தகராறும் தீரவில்லை. வட்டவடை, கோவிலூர் பக்கம் தலைமுறையாகக் காய்கறி போடுகிற குடும்பங்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களுக்கு நிலம் போய்விடுமோ என்ற பயம் உண்மையானது. எந்தச் சரிவு புல்வெளி, எது விவசாயம், எது தைலமரக்காடு என்று உட்கார்ந்து பேசித் தீர்க்கிற வேலை மெதுவானது. அதற்குப் பூ நாளில் வருகிற உற்சாகம் போதாது. 2018இல் உற்சாகமும் உச்சத்தில் இருந்தது. ஆகஸ்ட் வெள்ளம் வந்து மூணாறுப் பாதைகளை அடைத்ததும் "சீசன் போச்சே" என்ற பேச்சுதான் பெரிதாகக் கேட்டது. செடிகள் என்ன ஆச்சு, விதை பிடித்ததா என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான் வந்தது.

நா.பா. மேல் எனக்குப் புகார் இல்லை. என் புகார் நம் மேல்தான். ஒரு செடியின் ஒரே ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு அதன் ஊரை மறந்துவிட்ட வாசகர்கள் நாம். திணை என்று பெருமையாகப் பேசுகிறோம். திணை என்பதே பூ, நிலம், விலங்கு, தொழில், பொழுது எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பதுதான். அதிலிருந்து பூவை மட்டும் பிரித்தெடுத்தால் கையில் இருப்பது திணை இல்லை. அந்த வகையில் ராஜம் கிருஷ்ணனின் வாசிப்புதான் சங்கப் பாடல்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பேன். பள்ளியில் ஐந்திணை நடத்துகிற ஆசிரியர்கள் 'குறிஞ்சித் தேன்' நாவலிலிருந்து ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டினால், குறிஞ்சி என்பது ஒரு இடம் என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

கடைசியாக அந்த மேல்மலைச் சரிவு. அன்று வண்டியை விட்டு இறங்கி அரைமணி நேரம் நின்றேன். கணுக்கணுவாகத் தண்டு, ஓரத்தில் பல் வைத்த இலை, பூவும் மொட்டும் இல்லை. 2018 விதையில் வந்த தலைமுறை, பாதி வயது. சரிவின் மேல்விளிம்பில் என் தோள் உயரத்துக்குச் சீகைக் கன்றுகள் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தன. யாரும் நட்ட மாதிரி தெரியவில்லை, மேலே இருந்த பழைய தோப்பிலிருந்து தானாகப் பரவியவை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெட்டினாலும் திரும்ப முளைக்கும்.

டிரைவர் அண்ணனிடம் அதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் சின்னப் பையனா இருந்தப்ப இது அந்தப் பாறைக்கு மேலதான் சார் இருந்துச்சு" என்றார். பாறை எங்களுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. 2030க்கு இன்னும் கொஞ்ச வருடம் இருக்கு.